செங்கோட்டையிலிருந்து காரி பாவ்லி வரை

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு யாதாயிற்று என்று சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஆயின் நம்மில் பலரும் பயணம் என்ற பெயரில் ஊர்தியில் ஏறி, ஊர்தியில் இறங்கி, சாளரத்தின் வழியே கண்டதையே கண்டதாகக் கொண்டு ஊர் திரும்புகிறோம். நானும் அவ்வாறே திரும்பியிருப்பேன். அன்று ஒருநாள் முழுதும் பழைய தில்லியை நான் நடந்தே பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் என் தந்தையார். மனிதன் மிதித்து இழுக்கும் வண்டியில் ஏற மாட்டேன் என்று அவர் பிடிவாதமாகக் கூறிவிட்டார்.

2007-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தில்லியில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிக்க எனக்கு அழைப்பு வந்தது. செய்தியை வீட்டில் சொன்னபோது அத்தா, “நானும் வரட்டுமாப்பா?” என்றார். எனக்கு வியப்பு. எழுபத்து நான்கு வயதுவரை மதுரையை விட்டு இராமநாதபுரத்திற்கும் நாகூருக்கும் அப்பால் அவர் போனதில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் நெஞ்சுவலி வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தவர் வேறு. தலைநகரைப் பார்க்கும் ஆசை இந்த வயதிலாவது வந்ததே என்று மகிழ்ந்து, இரண்டு பயணச்சீட்டுகள் எடுத்தேன். கருத்தரங்கு வியாழனன்று முடிந்தது. வெள்ளிக்கிழமை ஊர் சுற்றுவது, சனிக்கிழமை இரவு தொடர்வண்டி ஏறுவது என்பது ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நான் முறையாகத் திட்டம் வகுத்திருந்தேன். காலையில் செங்கோட்டை, பின்னர் சாந்தினி சௌக் வழியே சிறிது நடை, நண்பகலில் ஜும்ஆ மஸ்ஜிதில் தொழுகை, மாலையில் குதுப் மினார். இவ்வரிசையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இஃது ஒரு நோய்.

மெட்ரோ தொடர்வண்டியில் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி, குளிருக்குக் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, காலை ஒன்பதரை மணியளவில் செங்கோட்டையின் லாகூர் வாயில் முன் நின்றோம். ஷாஜஹான் தம் தலைநகரை ஆக்ராவிலிருந்து தில்லிக்கு மாற்றக் கருதி, 1639-இல் அடிக்கல் நாட்டி 1648-இல் முடித்த கோட்டை அது. நாங்கள் சென்ற அந்த 2007-ஆம் ஆண்டில்தான் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது. வாயிலைக் கடந்தால் மேற்கூரை வேய்ந்த அங்காடித் தெரு. அதற்கப்பால் முரசு முழக்கிய மண்டபம். அதன் பின் பொதுமக்களுக்கான அவை, சிறப்பினர்க்கான அவை என ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. அரண்மனைகளின் நடுவே ஓடிய நீரோடைக்குச் ‘சுவனத்து நதி’ என்று பெயர். இன்று அது வறண்ட பளிங்கு வாய்க்கால்.

நான் வரலாறு சொல்லிக்கொண்டே நடந்தேன். மயிலாசனம் இருந்த மண்டபம் இது; 1739-இல் நாதிர் ஷா அதனைக் கொள்ளைகொண்டு போனார். 1857-க்குப் பின் ஆங்கிலேயர் உள்ளிருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துப் படைவீட்டுக் கட்டடங்களை எழுப்பினர். இதோ இந்தச் சிறப்பவை மண்டபத்தில்தான் 1858-இல் கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜஃபரை, அவருடைய சொந்த வீட்டிலேயே, குற்றவாளியாக நிறுத்தி விசாரித்தனர். அவர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-இல் அங்கேயே மறைந்தார். 1945-இல் இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோர் மீது வழக்கு நடந்ததும் இந்தக் கோட்டையில்தான்.

அத்தா எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். ஆனால் அவர் மனம் அங்கில்லை என்பதை உணர்ந்தேன். இரண்டு முறை மணி கேட்டார். இடையில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டைச் சால்வைக்குள் கைவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் பிக்பாக்கெட் பயம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். ஔரங்கசீப் கட்டிய சிறிய முத்து மஸ்ஜித் பூட்டிக் கிடந்தது. கதவருகே சற்று நின்றுவிட்டு, “காரி பாவ்லின்னு ஒரு எடம், இங்கேர்ந்து எவ்வளவு தூரம் இருக்கும்?” என்று கேட்டார்.

தில்லியில் அவருக்குத் தெரிந்த ஒரே இடப்பெயர் அதுவாக இருந்தது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. அவர் ஒரு காலத்தில் கீழமாசி வீதிப் பக்கம் உலர்பழமும் நாட்டுமருந்துச் சரக்கும் மொத்த வியாபாரம் செய்தவர். பாதாம், பிஸ்தா, அக்ரூட், குங்குமப்பூ, பெருங்காயம் ஆகியவை தில்லியிலிருந்து அவருக்கு வரும். கடிதத்தில் ஆர்டர், வங்கி வழியே பணம், லாரியில் சரக்கு. எதிர்த்தரப்பாரின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கடை 1980-இல் நொடித்தது. அதன் பிறகு அவர் வேறொருவரின் மண்டியில் கணக்கெழுதி எங்களை வளர்த்தார். “சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியைத் தாண்டினால் காரி பாவ்லி, அத்தா. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மாலையில் பார்க்கலாமே” என்றேன். “இப்பவே போவோம்ப்பா” என்றார்.

சாந்தினி சௌக் என்பது ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் 1650-ஆம் ஆண்டளவில் அமைத்த கடைத்தெரு. நடுவே கால்வாய் ஓட, அதன் இடையில் அமைந்த குளத்தில் நிலவு ஒளிர்ந்தமையால் ‘நிலவுச் சதுக்கம்’ என்று பெயர் வந்தது என்பர். நாங்கள் கண்டபோது கால்வாயும் இல்லை, நிலவுக்கும் இடமில்லை. ரிக்‌ஷாக்களும் மோட்டார் வண்டிகளும் கைவண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கடக்க முயன்றுகொண்டிருந்தனர். மேலே மின்கம்பிகள் பந்தலிட்டிருந்தன. 2021-இல் அத்தெருவைச் செப்பனிட்டு, பகல் வேளையில் மோட்டார் வண்டிகளைத் தடைசெய்தார்கள். நான் சொல்வது அதற்கு முந்திய சாந்தினி சௌக்கை.

அத்தெருவைப் போல எல்லாச் சமயங்களும் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு வேறு உண்டா என்பது ஐயமே. கோட்டைக்கு நேர் எதிரே சமணர்களின் செந்நிறக் கோவில். அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. புறாக்களும் கிளிகளும் கூண்டுகளில் தங்கிச் சிகிச்சை பெறும். ஊன் தின்னும் பருந்துகளுக்கோ தங்குமிடமில்லை, புறநோயாளிகளாக வந்து போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். அத்தா அன்று முதன்முறையாகச் சிரித்தது இதைக் கேட்டுத்தான். அடுத்து கௌரிசங்கர் கோவில். சற்றுத் தள்ளி, சீக்கியரின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் 1675-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த குருத்வாரா. முத்து மஸ்ஜிதைக் கட்டிய அதே அரசரின் ஆணை என்பதையும் அத்தாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தெருவோரம் ஒதுங்கி நின்று, வருவோர்க்கெல்லாம் தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் வாங்கிக் குடித்தார். அதனருகிலேயே 1721-இல் ரோஷனுத் தௌலா கட்டிய பொற்குவிமாட மஸ்ஜித். நாதிர் ஷா அமர்ந்து தில்லியின் படுகொலையைப் பார்த்துக்கொண்டிருந்தது அங்கேதான்.

நகர மண்டபத்தைக் கடந்ததும் இடப்புறம் பல்லிமாரான் என்னும் சந்து பிரிகிறது. இரு மருங்கிலும் மூக்குக்கண்ணாடிக் கடைகளும் செருப்புக் கடைகளும். அத்தாவின் கண்ணாடியில் ஒரு திருகு தளர்ந்து காலையிலிருந்தே அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஒரு கடைக்காரர் அரை நிமிடத்தில் அதை முறுக்கிக் கொடுத்துவிட்டுப் பணம் வேண்டாம் என்று கையசைத்தார். அத்தா விடவில்லை. ஐந்து ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டே நகர்ந்தார்.

அந்தச் சந்துக்குள்தான் காசிம் ஜான் தெரு. அதில் மிர்ஸா காலிப் தம் இறுதிக் காலத்தில் குடியிருந்த வீடு. என் தாளில் அது இல்லை. ஆயினும் இலக்கியம் படிப்பிப்பவன் அவ்வளவு அருகில் வந்துவிட்டு நுழையாமல் போகலாகுமா? இடையில் கரிக்கிடங்காகவும் பட்டறையாகவும் கிடந்த அந்த வீட்டின் ஒரு பகுதியை மீட்டு, 2000-ஆம் ஆண்டில் நினைவிடமாக்கியிருந்தனர். சிறிய முற்றம், செங்கல் தூண்கள், சுவரில் அவருடைய கவிதை வரிகள். எழுத்துக்கூட்டினால் ஓசை வரும், பொருள் வராது. அரபு எழுத்தறிந்த தமிழ் முஸ்லிமுக்கு உருதுக் கவிதையின் முன் நேரும் நிலை இது.

அத்தா அங்கிருந்த திண்ணையில் அமர்ந்தார். காலிப் 1797-இல் ஆக்ராவில் பிறந்ததையும், குடும்ப ஓய்வூதியத்துக்காக 1828-இல் கல்கத்தா வரை போய் ஆங்கிலேயரிடம் முறையிட்டதையும், அது கைகூடாமற் போனதையும், வாழ்நாள் முழுதும் வாடகை வீட்டிலேயே குடியிருந்ததையும், கடன்காரர்களுக்கு அஞ்சி வெளியே தலைகாட்டாமலிருந்த காலமும் அவருக்கு உண்டு என்பதையும் சொன்னேன். அதுவரை அரசர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தவர் அப்போது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“கடைசியில கடன அடைச்சாராப்பா?”

“முழுதும் அடைத்ததாகத் தெரியவில்லை, அத்தா. கடன் கவலையோடுதான் 1869-இல் இறந்தார்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. சால்வையை விலக்கினார். பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து, நெகிழித்தாளில் சுற்றிய ஓர் அஞ்சலட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். பழுத்து மஞ்சளாகிப்போன அட்டை. ஆங்கிலத்தில் நான்கே வரிகள். தங்கள் கணக்கில் 1,860 ரூபாய் பாக்கி நிற்கிறது, வசதிப்பட்டபோது அனுப்பி வையுங்கள், வியாபாரம் மீண்டும் நடக்க வேண்டுகிறோம். கீழே கடையின் முத்திரை. காரி பாவ்லியில் ஒரு கட்டட எண்.

4,200 ரூபாய்ச் சரக்கு. கடை நொடித்த வேளையில் வந்து இறங்கியது. 2,340 ரூபாய் அனுப்பிவிட்டார். மீதிக்கு அவகாசம் கேட்டு எழுதினார். அதற்கு வந்த மறுமொழிதான் இந்த அட்டை. பிறகு எங்கள் வீடு மாறியது. கடை முகவரியும் போயிற்று. அவர்கள் மேலும் எழுதினார்களா என்பது யாருக்கும் தெரியாது. “நெஞ்சு வலிச்ச அன்னைக்கு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இத ஒண்ணத்தான்ப்பா நெனச்சேன்” என்றார் அத்தா.

கடனாளியாக இறப்பது குறித்து நம் மார்க்கம் எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் அட்டையைத் திருப்பி அஞ்சல் முத்திரையின் தேதியைப் பார்த்தேன். 1981, ஜூன்.

1981-ஆம் ஆண்டு ஜூலையில்தான் நான் இக்கல்லூரியில் இளங்கலைத் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். விடுதிக் கட்டணத்தையும் கல்விக் கட்டணத்தையும் அத்தா அலுவலகச் சாளரத்தில் எண்ணி வைத்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. “ஏதத்தா இவ்வளவு பணம்?” என்று கேட்டேன். “பழைய பாக்கி ஒண்ணு வந்துச்சு” என்றார். அவர் சொன்னதில் பொய்யொன்றும் இல்லை, பாக்கிதான். அது வந்த பாக்கியன்று, போக வேண்டிய பாக்கி என்பது காலிபின் வீட்டு முற்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து எனக்கு விளங்கிற்று. அதை அவரிடம் கேட்கவும் இல்லை. அவர் சொல்லவும் இல்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் ஷாஜஹானின் மனைவியருள் ஒருவரான ஃபதேபூரி பேகம் 1650-இல் கட்டிய மஸ்ஜித் தெருவை மறித்தாற்போல நிற்கிறது. அதன் அருகே திரும்பினால் காரி பாவ்லி. ‘உவர்நீர்ப் படிக்கிணறு’ என்பது பெயரின் பொருள். கிணறு எங்கே போயிற்றோ, கண்ணில் படவில்லை. தெருவில் காலடி வைத்த மறுகணமே தும்மல் வந்தது. மிளகாய் வற்றல் மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றியும் இறக்கியும் ஓடுகிறார்கள். நெடி காற்றோடு கலந்து நிற்கிறது. சுமைக்காரர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தனர். ஆசியாவிலேயே மிகப்பெரிய நறுமணச் சரக்குச் சந்தைகளுள் ஒன்று என்று சொல்லப்படும் அத்தெருவில், நான் இருமிக்கொண்டு ஒதுங்க, அத்தாவோ இளமை திரும்பியவர்போல் முன்னே நடந்தார். ஒவ்வொரு கடை முன்னும் குவித்து வைத்திருந்தவற்றைப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். இது மாம்ரா பாதாம், ஈரான் பக்கத்துச் சரக்கு, எண்ணெய் மிகுதி. இது சாதாக் கலிஃபோர்னியா. அது கந்தகாரி உலர்திராட்சை. அதோ பெரிய ஏலம், மணத்தில் புகை வாடை இருக்க வேண்டும், இல்லையென்றால் பழசு. காலையெல்லாம் நான் அவருக்குக் கோட்டையை விளக்கினேன். இப்போது கேட்டுக்கொண்டு பின்னால் செல்வது என் முறையாயிற்று. ஒரு கடையில் பெருங்காயத் துண்டொன்றை எடுத்து முகர்ந்து, ‘மாவு ஜாஸ்தி’ என்று தமிழிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்தார். கடைக்காரருக்கு மொழி தெரியாவிட்டாலும் தீர்ப்பு புரிந்துவிட்டது, சிரித்தார்.

1920-களில் கட்டப்பட்ட கடோடியா அங்காடி என்னும் பெரிய முற்றக் கட்டடம் அங்குண்டு. நாங்கள் தேடிய எண் அதற்குச் சற்றுத் தள்ளிய சந்தொன்றில் இருந்தது. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பெயர்ப்பலகை மாறியிருந்தது. உள்ளே வெள்ளை விரிப்பிட்ட மெத்தையில் அறுபது வயதை எட்டிய ஒருவர் அமர்ந்திருந்தார். அத்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, அஞ்சலட்டையை அவர் முன் வைத்தார்.

அத்தாவிடம் இருந்தது கடை இந்துஸ்தானி. அதில் எண்கள் உண்டு, எடைகள் உண்டு, மால், பாவ், பாக்கி, ஹிஸாப் போன்ற சொற்கள் உண்டு, வேறொன்றும் கிடையாது. ஆனால் அன்று வேறொன்றும் தேவைப்படவில்லை. அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். முத்திரையில் இருந்தது தம் தந்தையாரின் கடைப் பெயர் என்றார். பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்த குடும்பம். தந்தையார் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பழைய பேரேடுகள் எதுவும் இப்போது இல்லை. கணக்கு எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே பாக்கியும் இல்லை என்று கைகூப்பினார்.

அத்தா பெல்ட்டிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் 1,860 ரூபாய், எண்ணி முடிந்தது. மற்றதில் மூவாயிரம். வட்டி கொடுப்பது நமக்கு ஆகாது. ஆனால் தாமதித்தவன் தானாக மனமுவந்து கூட்டிக் கொடுப்பது நன்று என்று எங்கள் மஹல்லா இமாமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாராம். அந்த நுட்பத்தையெல்லாம் என் அரைகுறை இந்தியில் அவருக்கு எடுத்துச் சொல்வதற்குள், பள்ளியில் அம்மொழியைக் கற்காமற் போனதற்காக முதன்முறையாக வருந்தினேன். முதல் உறையைக் கடைக்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். இரண்டாவது உறையைத் தொடவே இல்லை.

அத்தாவுக்கு அத்தோடு முடியவில்லை. “ரசீது” என்றார். கடைக்காரர் கணினியைப் பார்த்தார், உதவியாளனைப் பார்த்தார், இல்லாத கணக்குக்கு ரசீது எழுதுவது எப்படி என்று திகைத்தார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் தொகையையும் தேதியையும் எழுதி, பாக்கி ஒன்றுமில்லை என்று இந்தியில் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் வைத்தார். பிறகு, தம் தந்தையாரின் முத்திரை தம்மிடம் ஒன்றுகூட இல்லை; அந்த அட்டையைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அத்தா உடனே கொடுத்துவிட்டார். தேநீர் வந்தது. விடைபெறும்போது அரைக்கிலோ மாம்ரா பாதாமைப் பொட்டலம் கட்டி அத்தாவின் கையில் திணித்தார். அவ்வளவுதான், தொடங்கிற்று வாக்குவாதம். இவர் காசு கொடுப்பேன் என்கிறார். அவர் வாங்க மாட்டேன் என்கிறார். “இத ஓசியில வாங்கிக்கிட்டுப் போனா நாளைக்கு இது ஒரு பாக்கி” என்று அத்தா என்னிடம் தமிழில் முறையிட்டார். முடிவில் கொள்முதல் விலைக்கு என்று உடன்பாடாயிற்று. கொள்முதல் விலை இதுதானா என்பதில் அத்தாவுக்கு ஐயம் இருந்தது. குறைத்துச் சொல்லிவிட்டார் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அதற்குள் ஜும்ஆ நேரம் நெருங்கிவிட்டது. ஷாஜஹானின் பெரிய பள்ளிவாசலுக்குத் திரும்பி நடக்க நேரமில்லை. அந்தப் புகழ்பெற்ற முற்றத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகையை இழந்தது எனக்குச் சிறிது மனக்குறைதான். ஃபதேபூரி மஸ்ஜிதிலேயே தொழுதோம். உயர்ந்த மினாராக்களும் ஒற்றைக் குவிமாடமும் கொண்ட அப்பள்ளியின் நடுவே ஒரு தடாகம். அதில் உளூச் செய்துகொண்டு வரிசையில் அமர்ந்தோம். பக்கத்திலிருந்த முதியவர் உருதுவில் ஏதோ கேட்டார். அத்தா, “மதுரை, தமிழ்” என்றார். முஸ்லிம், ஆனால் உருது தெரியாதா என்ற வியப்பு அவர் முகத்தில் ஓடியது. வடபுலம் சென்ற தமிழ் முஸ்லிம் எவரும் இந்த வியப்பைச் சந்திக்காமல் வந்ததில்லை. நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ் விருத்தங்களில் உமறுப் புலவர் பாடி வைத்திருக்கிறார் என்று எந்த மொழியில் அவருக்குச் சொல்வது? அத்தா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நான்கு பாதாம்பருப்பை அவர் கையில் வைத்தார்.

தொழுகைக்குப் பின் தூண் நிழலில் அமர்ந்து அப்பள்ளிவாசலின் கதையைச் சொன்னேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றி ஏலத்தில் விட்டனர். லாலா சுன்னாமல் என்னும் இந்து வணிகர் 19,000 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் இடிக்கவில்லை, பள்ளியைப் பள்ளியாகவே காத்து வைத்திருந்தார். 1877-இல் அரசு அவருக்கு நான்கு கிராமங்களை ஈடாகத் தந்து, இதனைத் திரும்பப் பெற்று முஸ்லிம்களிடம் ஒப்படைத்தது. அத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவரு பேரு என்னன்னு சொன்ன?” என்றார். சொன்னேன். சற்றுக் கழித்து மறுபடியும் கேட்டு, உதட்டளவில் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சுன்னாமலின் மாளிகை அதே தெருவில்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் காட்டினேன்.

பிற்பகல் நடை மெதுவாகவே சென்றது. பராட்டாச் சந்தில் உணவு. அவ்வூர்ப் பராட்டா நம்மூர்ப் பரோட்டாவுக்குத் தூரத்து உறவுகூட அன்று. உள்ளே உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் வைத்து நெய்யில் பொரித்தெடுக்கிறார்கள். இறைச்சி அச்சந்தில் கிடையாது. பிறகு நகைக்கடைகள் நிறைந்த தரீபா கலான் தெரு. 1816-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அத்தர்க் கடையொன்று அங்கிருக்கிறது. புறங்கையில் ஒரு சொட்டு மல்லிகை அத்தரைத் தடவிவிட்டார்கள். அத்தா அதற்கும் காசு கொடுக்க முனைந்தார். நான் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குதுப் மினாரை நாங்கள் பார்க்கவில்லை. இன்றுவரை நான் பார்த்ததில்லை.

மாலை மங்கும் வேளையில் ஜும்ஆ மஸ்ஜிதின் கிழக்கு வாயிலை அடைந்தோம். போஜ்லா என்னும் குன்றின்மேல் எழுப்பி 1656-இல் நிறைவு செய்த பள்ளி. செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் மாறிமாறிக் கோடிட்ட இரண்டு மினாராக்கள். கருங்கோடுகள் ஓடும் மூன்று வெண்பளிங்குக் குவிமாடங்கள். இருபத்தையாயிரம் பேர் தொழக்கூடிய முற்றம். 1857-க்குப் பிறகு இதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1862-இல்தான் முஸ்லிம்களுக்குத் திரும்பியது. கீழே நின்று பார்த்தபோது அந்தப் படிகளே என்னை அச்சுறுத்தின. “உங்கள் நெஞ்சுக்கு இது ஆகாது, அத்தா. இங்கிருந்தே பார்த்துவிட்டுப் போவோம்” என்றேன். அவர் கேட்கவில்லை. ஐந்து படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். மஃரிபுக்கு பாங்கு ஒலித்தபோது முற்றத்தில் இருந்தோம்.

தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னும் அவர் எழவில்லை. புறாக்கள் அடைந்துவிட்டன. விளக்குகள் எரிந்தன. கல் சில்லிட்டது. நான் இரண்டு முறை அழைத்தேன். அந்த வெள்ளைத்தாளை எடுத்து விளக்கொளியில் பிடித்து, தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடித்து வைத்தார்.

“ஏறயில படிய எண்ணுனேன், முப்பத்தி நாலு” என்றார் எழுந்துகொண்டே.

“புத்தகத்தில் முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறதே, அத்தா.”

“அப்படியா? எறங்கயில பாத்துருவோம்.”

என் தோளில் கைவைத்து இறங்கத் தொடங்கினார். நானும் மனத்துக்குள் எண்ணினேன். பாதியில் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் உரக்க எண்ணிக்கொண்டே இறங்கினார்.